உண்டு

முனிவெங்கடப்பா வீட்டைக் காலி செய்து
கோலாருக்குப் போன அன்று
அடுப்பும் கட்டிலும் துளசித் தொட்டியும்
டெம்போவில் ஏறின.
மிக்சர் ஏறவில்லை.
மருமகளுக்கு நாய் முடி ஆகாதாம்.
"ரொம்ப சாதுங்க, பாத்துக்கங்க" என்று
கயிற்றை நீட்டினார்.
இடது கையால் வாங்கிக்கொண்டேன்.

மத்திகிரிப் பக்கம் மார்கழியில்
விடிகாலைப் பேச்செல்லாம் புகையாக வரும்.
ஐந்தரை மணி, காலி மனை,
சட்டைப்பையில் பொறை.
"உட்காரு" என்றேன்.
பார்த்தது.
"உட்காரு. உட்காருடா. சொல்றேன் இல்ல?"
பார்த்தது. அப்புறம்
எனக்குப் பின்னால் போன பால் வண்டியைப் பார்த்தது.
நாலே நாளில் ஒரு பாக்கெட் பொறை தீர்ந்தது.
இன்னொரு பொறை
எனக்குப் பிறவியிலேயே கிடையாது என்பாள் கஸ்தூரி.

ஐந்தாம் நாள்
ரோஜாக் கட்டோடு மார்க்கெட்டுக்குப் போன ஒருத்தி
நின்று சிரித்தாள்.
"தெலுங்கு வூட்டு நாய்ண்ணா அது.
கூச்சோ!"
உட்கார்ந்தது.
"ரா!"
என்னைத் தாண்டி அவளிடம் போனது.
"உண்டு!"
பாதி வழியில் அப்படியே நின்றது,
ஒரு முன்னங்கால் தரைக்கு மேலே.

நான் அரூர்க்காரன்.
எனக்கு உண்டு என்றால், இருக்கிறது.
அதற்கு உண்டு என்றால், இரு. நகராதே.
பத்து வருஷமாக ஓசூரில் இருக்கிறேன்,
இதை ஒரு நாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"வாயோடு கையையும் சேத்துக்கங்க" என்றார்
கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர்,
ஊசியை உதறிக்கொண்டே.
"உள்ளங்கையக் காட்டி நிறுத்துங்க.
எழுந்துட்டா திட்டாதீங்க.
மறுபடி மொதல்லேருந்து."

பேன்ட் பையிலிருந்து
வலது கையை எடுத்தேன்.
பவர் பிரஸ் எடுத்துக்கொண்டது போக
கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல்.
எண்ணிக்கை ஏற வேண்டுமென்று
சென்சாரைத் துணியால் கட்டிவைத்திருந்த மாசம் அது.
இப்போது ஸ்டோரில் வேலை.
டீ டம்ளர், கையெழுத்து, கும்பிடு
எல்லாம் இடது பக்கத்துக்கு மாற்றலாகி நாலு வருஷம்.
பனி நாளில், இல்லாத விரல்கள்தான்
முதலில் விறைக்கும்.

மிக்சர் முகர்ந்து பார்த்தது.
எண்ணிப் பார்க்கவில்லை.

உண்டு என்று கையைக் காட்டி
ஓரடி பின்னால் வைப்பேன். எழுந்துவிடும்.
மறுபடி முதலிலிருந்து.
இரண்டடி. பன்றி ஒன்று குறுக்கே ஓடும்;
பாடம் அதன் பின்னாலேயே ஓடும்.
மறுபடி.
பொங்கல் கழிந்து ஒரு காலை
மனையின் மூலைவரை போய்த் திரும்பினேன்.
விட்ட இடத்திலேயே இருந்தது,
வால் மட்டும் பொறுக்காமல்
புழுதியைக் கூட்டிக்கொண்டு.

லோகிதா வேடிக்கை பார்க்க வந்ததே இல்லை.
எட்டாம் வகுப்பு. ட்யூஷன், தூக்கம், செல்போன்.
என் கையை அவள் பார்த்து
நான் பார்த்ததில்லை.
சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பாள்.

நேற்று சாயந்திரம்
தெருமுனையில் சைக்கிளோடு திரும்புகிறேன்.
தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது,
கீ கீ என்று அலறி.
அந்தப் பக்கம் மிக்சர்.
இந்தப் பக்கம் கேட்டில் அவள்.
அவளைப் பார்த்ததும் அது கிளம்பிவிட்டது.
"உண்டு!" என்று கத்துகிறாள்.
லாரிச் சத்தத்தில் வாய் மட்டும்தான் அசைகிறது.
கையைத் தூக்கிக் காட்டுகிறாள், ஐந்து விரலும் விரிய.
நாய்க்குப் புரியவில்லை.
ஏதோ விளையாட்டு என்று நினைத்து
இன்னும் வேகமாக வருகிறது.

அப்போது அவள்
ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கினாள்.

நின்றது. ஒரு முன்னங்கால் தரைக்கு மேலே.
லாரி நடுவில் புகுந்து, மறைத்து,
மெதுவாக, மிக மெதுவாகக் கடந்தது.
கை தூக்கியபடியே இருந்தாள்.
அது நாய்க்குக் காட்டிய கை.
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன்.

"ரா" என்றாள் லோகிதா.
இரண்டு பேரும் போனோம்.