பூச்சியம் தசம் பூச்சியம்

காலை எட்டரை.
மழைமானியின் புனலைக் கழற்றுகிறேன்.
காய்ந்த வேப்பிலை இரண்டு, ஒரு சிலந்தி.
முப்பத்தெட்டாவது நாளாகப் பதிவேட்டில் எழுதுகிறேன்:
பூச்சியம் தசம் பூச்சியம்.

"மை வீண் மிஸ், ஒரு கோடு இழுத்து விடுங்களன்"
கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வரும்
காவலாளி சபருல்லா சொல்கிறார்.
கோடு வேறு, பூச்சியம் வேறு.
கோடென்றால் நான் பார்க்கவில்லை.
பூச்சியமென்றால்
பார்த்தேன்,
இல்லை.

வட்டவளையில், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால்
மானி பார்க்கும் புவனச்சந்திரனை நான் கண்டதில்லை.
எண்கள்தான் அவருக்கு முகம்.
நேற்று எண்பத்தொன்பது தசம் நான்கு.
முந்தாநாள் நூற்றிநாற்பத்தேழு.
"தீப்பெட்டி பத்துதில்லைங்க, பாணெல்லாம் பூஞ்சணம்.
காலுறை காயவைக்க அடுப்படியில கியூ."
இங்கே கொடியில் போட்ட சட்டை
கவ்வி பூட்டுமுன் அப்பளமாகிறது.

இரண்டும் ஒரே காற்று.
இது எனக்கு விளங்க வருடங்கள் பிடித்தன.
தென்மேற்கே கடலைக் குடித்து வந்து
மலையேறும்.
ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிரச்
சுமை தாளாது
புவனச்சந்திரனின் தகரக் கூரையில்
அவ்வளவையும் கொட்டிவிடும்.
பிறகு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும்.
இறங்க இறங்கச் சுடும்.
மகியங்கனை தாண்டி
கந்தளாய்க் குளத்தை ஒரு நக்கு நக்கி
எங்கள் படலையை வந்து உலுப்பும்போது
அதன் பெயர் கச்சான்.

டச்சுக் குடாக் கரையில்
சுருளில் கட்டி விற்பதற்கும் அதே பெயர்.
இரண்டும் வறுபட்டவை.
இரண்டுக்கும் பிறகு தண்ணீர் தேடும் தொண்டை.

சில நாள், பின்னேரம் இரண்டு மணிக்கு
கடல் குறுக்கே ஒரு வார்த்தை பேசும்.
உவர்மலையில் திரைச்சீலை மேற்கே சாயும்.
நாலைந்து கட்டை உள்ளே,
கன்னியாவில், ஓலைகூட அசையாது.
வெந்நீர் ஊற்றுக்குப் போட்டியாக
அங்கே வாளித் தண்ணீரும் கொதிக்கும்.

என் பூச்சியத்தை நேசிக்கவும் ஒருவர் இருக்கிறார்.
நிலாவெளி உப்பளத்து மனோரஞ்சிதம்
கிழமைக்கு இருமுறை ரெலிபோன் எடுப்பா.
"மழை வருமே பிள்ளை?"
வராது அக்கா.
"உன்ர வாய்க்குச் சர்க்கரைதான் போட வேணும்!"
சொல்வது, உப்பு விற்பவள்.

மார்கழியில் நாங்கள் ஆள் மாறுவோம்.
வாடைக்கு வழியில் மலையில்லை,
விரிகுடா தாண்டினால் நாங்கள்தான் முதல் வாசல்.
நான் மூன்று இலக்கம் எழுதுவேன்,
அவர் வெயில் காய்ந்துகொண்டு
பூச்சியம் எழுதுவார்.
"உங்க சட்டை காஞ்சிச்சா மிஸ்?" என்று கேட்பார்.
கேட்கத்தானே வேணும்.

போன சனி மூதூருக்கு,
கந்தோரில் வேலை செய்யும் பிள்ளையின் வீடு குடிபூரலுக்கு.
கங்கைப் பாலத்தில் மாடுகள் குறுக்கிட
பஸ் நின்றது.
யன்னலால் குனிந்தேன்.
வெடித்த வயல்களுக்கு நடுவே
தண்ணீர், தேத்தண்ணி நிறத்தில்,
ஒருவரையும் பாராமல்
கொட்டியாரக் குடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.
மலை மறித்து வைத்ததை
மறைவாக இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறது.

படம் எடுத்து வட்சப்பில் போட்டேன்.
"உங்கட நூற்றிநாற்பத்தேழு
இதால போகுது போல."
வெகுநேரம் இரண்டு நீலக் கோடுகள் மட்டும்.
பிறகு,
"முழுசும் வந்திச்சாங்க?"

அணைகள் பிடித்தது போக,
வாய்க்கால்கள் குடித்தது போக,
வழியில் எத்தனையோ ஊர் முகம் கழுவியது போக
எவ்வளவென்று அளக்க
என்னிடம் கிண்ணம் இல்லை.
"கொஞ்சம்" என்று எழுதினேன்.
அளவு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்
எழுதக்கூடாத சொல்.

திங்கள். காலை எட்டரை.
அதே சிலந்தி, புனலுக்குள் புதிய வலை.
எடுத்து வெளியே விடுகிறேன்.
நாளைக்கும் வரும்.
நனையாத வீடு ஆவணி முடியுமட்டும் இதுதான் என்று
யாரோ அதற்குச் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்தொன்பதுக்குப் பிறகு நாற்பது.
பூச்சியம்.
தசம்.
பூச்சியம்.