எண்பத்தோராவது முறை

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் மஞ்சள் பலகையில்
கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று
எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.
நான் படிப்பேன்.
லிஃப்ட் ரிப்பேர் என் தொழில்.

எங்கள் பக்கம் உயரம் என்றால்
தண்ணீர் ஏறாத இடம்.
டிசம்பரில் ஃப்ரிட்ஜை மேசைமேல் ஏற்றுவோம்
மேசையைக் கட்டில்மேல்
அதற்குமேல் ஏற்ற எதுவுமில்லாதபோது
மாடிவீட்டுக் கதவைத் தட்டுவோம்.
மலை என்று கண்ணுக்குத் தெரிவது
கொடுங்கையூர்க் குப்பைமேடு.
அதற்கும் உச்சியில் மேகம்போல ஏதோ உண்டு,
பருந்தும் உண்டு.

கினபாலுவை ஒரு மரக்கம்பெனி காலண்டரில் பார்த்தேன்,
ஹார்பர் கேன்டீன் சுவரில், போன வருஷத்து ஆகஸ்டில்
கிழிக்காமல் நின்றுபோயிருந்தது.
கீழே நம்மூர்ப் புழுக்கம், மேலே உறைகிற குளிராம்.
வண்டி விடும் இடத்திலிருந்து நடை
ஏழாயிரத்து முந்நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு.
எங்கள் பில்டிங், தரையிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை,
தொண்ணூறு.
வகுத்தேன். எண்பத்தொன்று.

இரண்டு வருஷச் சீட்டுப் பணம்.
பாஸ்போர்ட் விசாரிக்க வந்தவர்
வேலைக்கா என்றார்.
மலை ஏற என்றேன். அவர்
வேலைக்கு என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பது மாடி லிஃப்டையும் கிரீஸ் போட்டு ஓடவிட்டு
படியில் ஏறினேன்.
முதுகுப்பையில் பத்துக்கிலோ ஆற்றுமணல்.
நாலாம் மாடி வறுத்த நெத்திலி
ஐந்தில் பினாயில்
ஆறில் எந்நேரமும் சண்டை.
ஏழில் நூருன்னிசா சொம்போடு நிற்பாள்:
"லிஃப்ட் ஓடுதுன்னு உனக்குத் தெரியாதாமே?
நீதானே ஓட்டிவுட்ட?"

மலையில் மூச்சுவிடப் பழகுவதற்குள் மழை.
குடுவைச்செடி வாய்நிறையத் தண்ணீர்,
அதில் நீந்தத் தெரியாத ஓர் எறும்பு.
வழிகாட்டி பெயர் குந்திங். என்னைவிடக் குள்ளம்.
ஒரு கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு
விசிலடித்தபடி முன்னே போனான்.

பதினோராயிரம் அடி விடுதியில்
ஈர சாக்ஸைப் பிழியும்போது போன் அடித்தது.
அசோசியேஷன் செக்ரட்டரி ஏழுமலை.
"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நின்னுச்சு,
உள்ள நூருன்னிசா மாமியார். எங்கமே கீற நீ?"
"மலைல."
"வெளாடாத."
மெயினை அணை, மெஷின் ரூம் சாவி மீட்டர் பெட்டிக்குள்,
பிரேக்கைக் கொஞ்சங்கொஞ்சமாய் விடு,
சக்கரத்தைக் கையால் சுற்று, மெதுவா, மெதுவா என்று
குளிரில் பல்லடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்த சத்தம் கேட்டது.
பிறகு கிழவி என்னைத் திட்டிய சத்தம்.

இரவு இரண்டரைக்குக் கிளம்பினோம்.
முன்னால் போகிறவர்களின் நெற்றிவிளக்குகள்
காசிமேட்டிலிருந்து விசைப்படகுகள் போவதுபோல,
கடல்தான் செங்குத்தாய் நின்றது.
பாறையில் கட்டிய கயிற்றைப் பிடிக்குமுன்
பழக்கதோஷம்,
இழை அறுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.
குந்திங் சிரித்தான்.

உச்சிக்கல் தெரிந்தது. மின்னல் அதைக் காட்டியது.
அடுத்த மின்னலில் குந்திங்கின் கை
என் மார்புக்குக் குறுக்கே நின்றது.
பேசவில்லை, கெஞ்சவில்லை.
ஓவர்லோடு மணி அடித்தால் இறங்குகிறவர் யார் என்று
நான்தானே ஊருக்கெல்லாம் சொல்கிறவள்.
எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டேன்.
கண்ணால் அளந்து, விரல் மடக்கி,
தொண்ணூறு அடி என்றான்.

கொருக்குப்பேட்டையில் இறங்கியபோது
முட்டி இரண்டும் வேறு யாருடையவோ.
உச்சியத் தொட்டியா என்று ஏழுமலை கேட்டார்.
ஒரு பில்டிங் பாக்கி என்றேன்.
அவருக்குப் புரியவில்லை, மெயின்டனன்ஸ் பாக்கி என்று நினைத்து
நோட்டை எடுத்தார்.

இன்று காலை மணலில்லாமல் ஏறினேன்.
நெத்திலி. பினாயில். சண்டை.
ஏழில் நூருன்னிசா கதவு பூட்டியிருந்தது,
சொம்பு மட்டும் வெளியே, மூடியோடு.
உட்கார்ந்து குடித்தேன்.
மேலே இன்னும் இரண்டு மாடியும் தொட்டியும்.
கீழே யாரோ பட்டனை அழுத்த
என் பக்கத்தில் லிஃப்ட்
காலியாக இறங்கிப் போனது.