அறுபத்து நான்காம் நாள்

கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்கும் கூட்டம்
தண்டையார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில்.
மேடைச் சுவரில் நேற்றைய முகூர்த்தத்தின்
தெர்மாகோல் எழுத்துகளைப் பாதிதான் பிய்த்திருந்தார்கள்.
மணப்பெண் பெயர் போய்விட்டது.
ஆணையத்தார் தலைகளுக்கு மேலே
புருஷோத்தமன் மட்டும் தங்கக் காகிதத்தில்
மின்னிக்கொண்டிருந்தார்.

எனக்கிட்ட வேலை மைக் பிடிப்பது.
மற்ற நாளில் நான் ரீடிங் எடுப்பவன்.
கத்திவாக்கம் பீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்றார்,
புதிதாக யாரையும் போடவில்லை.
இப்போது இரண்டு பீட்டும்
என் ஒரே ஜோடிச் செருப்பில்.

முதலில் எங்கள் நிதிப்பிரிவு அதிகாரி
திரையில் படம் காட்டினார்.
நிலக்கரி விலை, கடன், வட்டி, வட்டிக்கு வாங்கிய கடன்.
சிவப்புக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போய்
திரை தீர்ந்த இடத்தில் நின்றது.
பொய்யென்று சொல்ல மாட்டேன்.
எனக்கே பஞ்சப்படி பாக்கி இருக்கிறது.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஐஸ் கம்பெனிக்காரர் பேசினார்.
லேத் பட்டறை வைத்திருப்பவர்
பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சரியாகவே பேசினார்.
டோக்கன் நாற்பத்தியேழு,
எண்ணூர் காட்டுக்குப்பம், அமுலு.
மாவரைத்து விற்கிறவள்.

"மைக்கக் கொஞ்சம் எறக்கிப் புடிணா."

இறக்கினேன்.
என்னைத் தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் வீட்டு மீட்டரை எனக்கு நன்றாகத் தெரியும்.
முகத்துவாரத்துக்கு அந்தாண்டை நிற்கும் புகைபோக்கியின் சாம்பல்
அதன் கண்ணாடியில் வந்து படிந்திருக்கும்.
கட்டைவிரலால் துடைத்தால்தான் எண் தெரியும்.
துடைத்த விரலைச் சட்டையில் தேய்ப்பேன்.
என் இடது பாக்கெட்டுக்குப் பக்கத்தில்
எந்த சோப்புக்கும் போகாத
ஒரு சாம்பல் விரல் இருக்கிறது.

பால் கவருக்குள்ளிருந்து
வெள்ளை அட்டையை எடுத்தாள்.

"ஏத்துறது எறக்குறதுலாம் எனக்குத் தெர்ல சார்.
கிரைண்டரோட சேத்து ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டு.
அறுவது நாளிக்கு நானூத்தி எம்பது.
எண்ணித்தான் ஓட்றேன்.
புள்ளைங்க தூங்கின அப்பால ஃபேனு நிறுத்திர்றேன்.
இங்க பாரு, அறுவத்திநாலாம் நாள் வந்து எயுதிக்கீது.
ஐநூத்திப் பன்னெண்டு.
அந்தப் பன்னெண்டுக்கோசரம்
கீய இருக்கறதுக்கும் வேற ரேட்டு.
அந்த நாலு நாளு யார்துன்னு சொல்லு சார்.
என்துன்னா நா கட்டிர்றேன்."

மணி அடித்துவிட்டது.
மூன்று நிமிடம் ஆகவே இல்லை,
அடிப்பவருக்கு டீ வந்திருந்தது.

'இந்தத் தேதியை எழுதியது யார்?'
கேட்கப் போகிறார்கள் என்று
மைக் பிடித்த கை வழுக்கியது.
கேட்கவில்லை.
எழுத்துமூலம் கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

அட்டையில் பதினேழாம் தேதி.
ஏழுக்கு நடுவே கோடு இழுக்கிறவன்
எங்கள் செக்‌ஷனில் நான் ஒருவன்தான்.
அந்த நான்கு நாளும் கத்திவாக்கத்தில்
மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தேன்.
நாய் துரத்தியது, ஒரு நாள் முழங்கால் வீக்கம்.
சொல்லியிருக்கலாம்.
மைக் என் கையில்தானே இருந்தது.

"நாற்பத்தியெட்டு" என்றார்கள்.

அட்டையைப் பால் கவரில் சுருட்டியபடி
என்னைக் கடக்கும்போது
எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:
"அடுத்த வாட்டி பத்தாந்தேதியே வந்துருணா.
கண்ணாடிய நானே தொடச்சி வெக்கிறேன்."

வெளியே வந்து காலண்டரைப் பார்த்தேன்.
பத்தாம் தேதி
ஞாயிற்றுக்கிழமை.