ஒரம்பரை

புது ரூட்டர் வந்து பதினோரு நாள்.
பதினோரு நாளாகப் பென்டிரைவை
முந்தானையில் முடிந்துகொண்டு
படி ஏறி இறங்குகிறேன்.
கீழே எம்பிராய்டரி மெஷின் இரண்டு,
பீரோவுக்குள் டிஸ்க் போட்ட பெட்டி,
அதற்குள் நாலு வருசத்து டிசைன்.
மேலே நான், லேப்டாப், குக்கர்.

"வயர் போட்டா வருதுங்க. வைஃபைல வர மாட்டேங்குது."
சூரத்துக்கு நூல் பார்க்கப் போனவர்
இரைச்சலுக்கு நடுவில் சொல்கிறார்:
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."
"பண்ணியாச்சுங்க. மூணு தடவை."
அதோடு லைன் போயிற்று.

முதலில் பீரோமேல்தான் சந்தேகம்.
இரும்புக்குள் பூட்டி வைத்தால்
காற்றில் எப்படி வரும்?
கதவைத் திறந்து வைத்தேன்.
பதினைந்து வேலம்பாளையத்துப் பஞ்சு
மத்தியானத்துக்குள் உள்ளே குடியேறியது.
பெட்டியின் விசிறி மூச்சு வாங்கியது.
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து
உருட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் உறைத்தது:
பெட்டி ரூட்டரோடு வயரில் அல்லவா பேசுகிறது,
காற்றுக்கும் அதற்கும் என்ன?
கதவைச் சாத்தினேன்.

அடுத்தது எண்கள்.
கறுப்புத் திரையில் பெட்டியின் விலாசத்தை அடித்து
இருக்கியா என்று கேட்டேன்.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நாலாவது தடவையும் அதே.
இதே லேப்டாப்பில்
சூரத்தில் மழை பெய்வது தெரிகிறது,
பையர் ஊரில் மணி என்ன என்று தெரிகிறது.
பதினெட்டுப் படிக்குக் கீழே இருப்பது
தெரியவில்லை.

ராத்திரி பத்துக்கு லோகநாயகி:
"அக்கா, மயில் சாம்பிள். காலைல எட்டுக்குள்ள."

கீழே போனால்
திகம்பர் மெஷினை ஓடவிட்டுப்
போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
திரையில் எங்கள் ஃபோல்டர்கள்.
மயில், கிளி, மாங்காய், ஆங்கில எழுத்து.
"இது எப்படிடா உனக்கு வருது?"
"வருது அக்கா," என்றான்,
வராமல் போகும் என்று
அவனுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் கனெக்‌ஷன் கொடுக்க வந்த ஹரிசூதனுக்கு
ஏணி பிடித்தது திகம்பர்தான்.
அவன் போனில் அந்தத் தம்பியே பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.
மாடியில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்த எனக்குக்
காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தான்.
இரண்டு பேர், இரண்டு பாஸ்வேர்ட்.
மேலே இருப்பது பதினாறு எழுத்து,
நடுவில் நட்சத்திரம், கேள்விக்குறி.
கீழே இருப்பது எட்டே எண்.
யார்தான் மேலே இருப்பதை அடிப்பார்கள்?

திகம்பர் போனிலேயே ரூட்டரைத் திறந்து பார்த்தேன்.
கீழே எழுதியிருந்த பேர் விருந்தினருக்காம்.
இணையம் உண்டு,
வீட்டுச் சாமான் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து மரியாதையேதான்.
வாங்க, வாங்க, உக்காருங்க,
சொம்பு நிறையத் தண்ணி,
ஃபேனைக் கூட்டி வைத்து
ஊர்க்கதை எவ்வளவு வேண்டுமானாலும்.
பீரோச் சாவி மட்டும் இடுப்பிலேயே இருக்கும்.

பதினோரு நாளாக
இந்த வீட்டில் நான் ஒரம்பரை.
பாலசோர்க்காரன் வீட்டு ஆள்.
சிரித்துவிட்டேன்.
எதற்கென்று தெரியாமல் அவனும் சிரித்தான்.

மேலே வந்து
பழைய பேரைத் தொட்டேன்.
'இந்த நெட்வொர்க்கை மறக்கவா?'
மற, மகராசியா மற.
பதினாறு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தேன்,
இரண்டு தடவை கேள்விக்குறியில் தப்பு.
மூன்றாவது தடவை
பீரோவுக்குள் டிஸ்க் சுழலும் சத்தம்
மாடிக்குக் கேட்காதுதான்,
கேட்ட மாதிரி இருந்தது.

மயில். பதினாலாயிரத்து இருநூறு தையல்.
கண்ணுக்கு நூல் மாற்றி
பன்னிரண்டு நாற்பதுக்கு அனுப்பினேன்.

காலை ஏழுக்கு லோகநாயகி.
"அக்கா, பையர் மயில் வேண்டாங்கறாரு.
கிளி இருக்குதுங்களா?"

இருக்கு என்றேன்,
படுத்தபடியே.