பொத்தானை விட்ட இடம்

கோடு, வட்டம், ரப்பர், பிறகு நிறம் ஊற்ற ஒரு வாளி.
"நாலு போதும்" என்றார் இசக்கிமுத்து.
தாராவி, தொண்ணூறடி ரோடு, ஏணி ஏறிப் போகும் பட்டறை.
ஏழு தையல் மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர்,
அதன் விசிறிக்குள் தோல்தூசி.
"வாங்கின சாப்ட்வேர்ல அம்பது பட்டன்.
எதையோ தொட்டா எதுவோ ஆவுது.
எனக்குப் பை வரையணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதை எழுத
ஐந்து வாரம் ஆனது.

முதல் இரவு கோடே வரவில்லை.
கை வேகமாய்ப் போனால்
சிந்திய கடுகு மாதிரிப் புள்ளி, புள்ளி,
இடையில் வெள்ளை.
மவுஸ் நகர்வதை கம்ப்யூட்டர் விடாமல் பார்ப்பதில்லை.
அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது,
மாதுங்காவில் என் ஹவுஸ் ஓனர் என்னைப் பார்ப்பதுபோல.
போன புள்ளியை ஞாபகம் வைத்து
வந்த புள்ளியோடு முடிச்சுப் போட்டேன்.
விடிகையில் அதைக் கோடு என்று
சொல்லிக்கொள்ள முடிந்தது.

இங்கே பூஜ்யம் மேலே, இடது மூலையில்.
கீழே இறங்க இறங்க எண் ஏறும்.
பள்ளிக்கூடத்து கிராஃப் தாள் மனதில் இருந்ததால்
என் முதல் பை கவிழ்ந்து தொங்கியது.
சில்லறை இருந்திருந்தால் கொட்டியிருக்கும்.

வரைந்த படத்தின் மேல்
கரண்ட் பில்லைத் திறந்து மூடினேன்.
பில் இருந்த இடம் மட்டும்
சதுரமாய்த் துடைத்துப் போயிருந்தது.
ஜன்னலுக்கு ஞாபகம் கிடையாது.
ஒவ்வொரு கோட்டையும் பட்டியல் போட்டு
நான்தான் வைத்திருக்க வேண்டும்,
அது கேட்கும்போதெல்லாம்
முதலிலிருந்து வரைந்து காட்ட வேண்டும்,
அலுக்காமல்.

அந்தப் பட்டியலில் ரப்பரும் உண்டு.
ரப்பர் எதையும் அழிப்பதில்லை.
அதுவும் ஒரு கோடு, மை மட்டும் வெள்ளை.
தாளின் நிறத்தை மாற்றினால்
அழித்த இடமெல்லாம் தழும்பாய்த் தெரியும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை.
கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர்.
பெயரில் வட்டம், எல்லாப் பக்கமும் திறப்பு.
அன்றைக்குத்தான் வாளியை எழுதினேன்.
ஒரு புள்ளியில் நிறத்தை ஊற்று,
நாலு பக்கத்து அண்டையிடமும் கேள்:
நீயும் வெள்ளையா? அப்படியானால் நனை,
உன் அண்டையிடமும் கேள்.
பையின் வயிற்றில் பழுப்பை ஊற்றினேன்.
வயிறு நிறைந்தது.
தாள் நிறைந்தது.
கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொட வேண்டிய இடத்தில்
ஒரே ஒரு புள்ளி விடுபட்டிருந்தது.
எட்டு மடங்கு பெரிதாக்கி அதைத் தேடுகையில்
கூரை சொட்டியது,
கீபோர்டுக்கு நாலு விரல் தள்ளி.
அந்த ஓட்டையை எட்டு மடங்கு பெரிதாக்க
எனக்கு விருப்பமில்லை.
குளியலறை வாளியைக் கொண்டுவந்து வைத்தேன்.

ஒப்படைத்த நாள்,
இசக்கிமுத்து மவுஸைத்
தோல் வெட்டும் கத்திபோல் அழுத்திப் பிடித்தார்.
பையின் ஒரு தோளிலிருந்து மேலே இழுத்தவர்
வந்த வேகத்தில் ஜன்னலைத் தாண்டிப் போய்
வெளியே வைத்துப் பொத்தானை விட்டார்.
விட்டது உள்ளே தெரியவில்லை.
திரும்பி வந்த அம்பின் பின்னாலேயே
கோடும் வந்தது, வளைந்து,
மறு தோளில் இறங்கியது.
"கைய எடுத்துட்டேம்மா, இது விடமாட்டேங்கு."
எனக்குக் காது சுட்டது.
மூன்றாம் மெஷின் அஷ்ஃபாக்
மிதிப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு
"அரே, ஹேண்டில்!" என்றான்.

இரவே சரிசெய்து அனுப்பினேன்.
மூன்று வரி.
இனி எங்கே விட்டாலும் விட்டதுதான்.

மறுநாள் சயான் சர்க்கிளில்
பஸ் நகராமல் நிற்கையில் போன்.
"யம்மா, எல்லாம் சுத்தமா இருக்கு.
கைப்பிடி மட்டும் வரமாட்டேங்கே."