வெற்று வண்டியின் எடை

அறுவடைக் காலம் முழுக்க எனக்கு இதுதான் வேலை.
கோதுமையோடு லாரி மேடையேறும்: ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும்: இன்னோர் எண்.
கழித்தால் வருவது கிடங்குக்கு.
மிச்சம் இரும்பு, டீசல், சேறு.

தந்திரமெல்லாம் தெரியும்.
பாரத்தோடு வரும்போது இருக்கையில் சாய்ந்திருப்பான் செரிக்.
வெற்று வண்டியை நிறுக்கையில் சிகரெட் பிடிக்க இறங்கிவிடுவான்.
"ஏறு மேலே" என்று ஜன்னலைத் தட்டுவேன்,
"உன் தொப்பையைக் கோதுமை விலைக்கு வாங்க மாட்டோம்."

சொன்ன வாய்தான்.

கொஸ்தனாய் மருத்துவமனையில் கலீனா ஓட்டோவ்னா
தராசைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.
தொண்ணூற்று நான்கு.
தாளில் ஒரு கட்டம் மட்டும் காலி: இலக்கு எடை.
"ஓர் எண் சொல், ரௌஷான். முட்டி கேட்கிறது."

அறுபத்திரண்டு என்றேன், யோசிக்காமல்.
கல்யாணத்தன்று இருந்த எடை.
பேருந்தில் பாதி ஸ்டெப்பி கடந்த பிறகுதான் நினைவு வந்தது:
அந்த மாதம் நான் மஞ்சள்காமாலையிலிருந்து எழுந்திருந்தேன்.

என் நாத்தனார் குல்யாஷ் எழுபது என்று குறித்துவைத்தாள்.
சமையலறைக் கதவில் காகிதம், சிவப்பு மை.
எழுபத்தொன்றில் நாலு மாதம் நின்றாள்.
ஒரு கிலோ.
அந்த ஒரு கிலோவுக்காக
மகன் கல்யாணத்தில் பெஷ்பர்மாக் தட்டைத் தள்ளிவைத்தாள்,
கைகழுவப் போன இடத்தில் அழுதாள்.
ஒரு வியாழக்கிழமை எழுபதைத் தொட்டாள்.
வெள்ளிக்கிழமை என்ன செய்வதென்று
யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எண் இல்லாமலும் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
"கொஞ்சம் குறைந்தால் போதும்" என்றது
மாலைதோறும் இன்னொரு பவுர்சாக்காகப் பொரிந்து வந்தது.
வெண்ணெய்க்குக் காது கூர்மை.
"கொஞ்சம்" என்ற சொல் அதற்கு மிகவும் பிடிக்கும்.

அக்டோபர். கடைசி லாரி போனபின்
விளக்கை அணைக்கப் போனவள் அணைக்காமல்
மேடையில் ஏறி நின்றேன். அறுபது டன் தாங்கும் இரும்பு.
ஜன்னலுக்குள் சிவப்பாய் விழித்தது: 100.
அதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
நேற்றுத் தின்ற ரொட்டியைப் பற்றி அதற்குக் கவலையில்லை,
தின்னாமல் வைத்ததைப் பற்றியும்.
தொண்ணூறைத் தாண்டி இறங்கினால் 80 என்று காட்டும்.
அவ்வளவுதான் அதன் கையிலிருக்கும் நல்ல செய்தி.

அதையே எடுத்துக்கொண்டேன்.
தாளில் அறுபத்திரண்டை அடித்தேன்.
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கலீனா கோபப்படுவாள்,
படட்டும்.
கோபுரத்தின் எண்பத்தாறு படியையும்
நடுவில் உட்காராமல் ஏற வேண்டும் எனக்கு;
அதற்குக் கட்டம் போடவில்லை அவர்கள்.

இப்போது பிப்ரவரி.
என்னில் வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு,
இன்னும் பிடிபடவில்லை.
இரண்டு பிரசவம், இரவு ஷிப்ட், அடங்கிப் போன வாக்குவாதங்கள்,
இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இன்று காலை மைனஸ் இருபத்தேழு.
மேடைப் பனியைத் தள்ளிவிட்டு,
கோட்டையும் கம்பளிக் காலணியையும் வாசலில் எறிந்துவிட்டு
காலுறையோடு ஓடி ஏறினேன்.
100 என்றது.
80 என்றது.
100. 80. 100.
சந்தையில் பேரம் படியாதவன் போல்
கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பின்னால் ஹாரன். விதைக் கோதுமையோடு செரிக்.
கண்ணாடியை இறக்கிக் கத்தினான்:
"இறங்கு கீழே! உன்னையும் என் கணக்கில் சேர்க்கவா?"

பொறு என்று கை காட்டினேன்.
உள்ளங்கால் இரும்பில் ஒட்டத் தொடங்கியிருந்தது.