நூறு மில்லிமீட்டர்

வலியைக் குறிக்க ஒரு கோடு தருகிறோம்.
நூறு மில்லிமீட்டர் நீளம்.
இடது முனையில் ‘இல்லை’
வலது முனையில் ‘இதற்கு மேல் தாங்காது’.
இடையில் எண் கிடையாது.
பேனாவால் ஒரு கீறல் போடுங்கள் என்பேன்.

போடில் கேட்டாள்:
பேனா பிடிக்கிற வலியையும் சேர்த்தா?

லிம்ஃபியோர்டு கரையில் சிப்பி ஆலை.
இருபத்தொன்பது வருடம்
பனி உருகிய நீரில் கைவிட்டுத்
திறந்து திறந்து போட்டவள்.
இப்போது ஒரு ஜாடி மூடி அவளுக்கு அசைவதில்லை.
நான் திறந்த சிப்பியெல்லாம் சேர்ந்து
என் கையை மூடிவிட்டன என்பாள்.

பன்னிரண்டு வாரம்
இரவுக்கு ஒரு குளிகை.
சிலருக்குக் கஞ்சாச் செடியின் சாறு,
மயக்கும் பகுதியை எடுத்துவிட்டது.
சிலருக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெய்.
யாருக்கு எதுவென்று எனக்குத் தெரியாது.
டாக்டர் தோர்கிலுக்கும் தெரியாது.
தெரிந்தது ஒரு கணினிக்கு மட்டும்.
அது வேறு ஊரில்
வாய் திறக்காமல் இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால்
என் பேரன் இதைத் தொட்டால் போலீஸ் வருகிறது,
நான் விழுங்கினால் பஸ் காசு தருகிறீர்கள்
என்று சிரித்தாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்.
பிடிமானக் கருவியை அழுத்தச் சொல்வேன்.
வலிமைக்கு ஓர் எண்.
கோட்டில் அளவுகோலை வைப்பேன்.
வலிக்கு ஓர் எண்.
எழுபத்தொன்று. அறுபத்தாறு.
நாற்பத்தொன்பது.
நாற்பத்தொன்று.
தூங்குகிறேன் என்றாள்
ஏதோ திருடியதை ஒப்புக்கொள்வது போல.

கடைசிச் செவ்வாய் காலிப் புட்டியைக் கவிழ்த்தேன்.
கணக்கு சரி.
இல்லை, சரியில்லை என்றாள்.
பதினொன்று நாய்க்குக் கொடுத்தேன்.

நெப்பே. பதின்மூன்று வயது.
இடுப்பு தேய்ந்து
மாடிப்படியின் அடியிலேயே படுத்துக் கிடந்தது.
பதினோரு ராத்திரி
ஈரல் பசையில் பொதிந்து ஊட்டியிருக்கிறாள்.
ஒன்பதாம் நாள் படியேறி வந்து
கட்டில் காலை முகர்ந்ததாம்.

படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.
‘தவறிய நாட்கள்: பதினொன்று’
‘காரணம்:’
எழுதினேன். நாய்.
தோர்கில் அதைப் படித்துவிட்டு
நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.

நவம்பரில் முத்திரை உடைந்தது.
இரண்டு குழுவிலும் கோடு
ஏறக்குறைய ஒரே அளவு சுருங்கியிருந்தது.
சின்ன ஆய்வு, எண்பது கை,
இதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது
இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.
அடுத்ததற்கு விண்ணப்பம் தயாராகிறது,
அளவு கூட்டி.

போடிலுக்கு எண்ணெய்.
வெறும் எண்ணெய்.

கடிதம் போதாதென்று நேரில் வந்தாள்.
எனக்குச் சரி, நான் நம்பினேன் என்றாள்.
நெப்பேயிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

அதற்குப் பதில் உண்டு,
பயிற்சியில் படித்திருக்கிறேன்.
குளிகையை விழுங்கியது நாய்.
தேறியது
நாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண்.
முடிந்த மட்டும் மென்மையாகச் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்தாள்.
அப்படியென்றால்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

அளவுகோல் என் கையில்தான் இருந்தது.

நான்கு பத்து பஸ்ஸுக்கு எழுந்தாள்.
மேல்கோட்டில் நான்கு பொத்தான்,
கொம்பில் செய்தவை, வழுக்கும்.
உதவட்டுமா என்று கேட்க வாயெடுத்து
கேட்கவில்லை.
முதலாவது நுழைந்தது.
இரண்டாவது நழுவியது.
மறுபடி.
வெளியே பஸ் வந்து நின்று
கதவு மூடி
போய்விட்டது.
மூன்றாவதில் இருந்தாள்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.